ஒய்பிசிஓ பெல்லட்டும் நாலு மாச ஃபர்னஸ் சோலியும்

பிஎச்டி சேர்ந்து எட்டு மாசம் ஆச்சுங்க. அதுல முழுசா நாலு மாசம் ஒரே ஒரு கருப்பு பெல்லட்டுக்கே, அதான் பொடிய மாத்திரையாட்டம் அழுத்திச் சுட்ட வில்லைக்கே போச்சு. போன வாரம்தான் அதோட ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டுக்கு இருக்கற தடை, 92 கெல்வின்ல (சைபர் டிகிரி செல்சியஸ்னா 273 கெல்வின்) சரிய ஆரம்பிச்சு 88-ல சைபர் ஆச்சு, அதான் கையோட எல்லாத்தையும் எழுதி வச்சுடலாம்னு உக்காந்துட்டேன். அடுத்து இதே சோலிய எடுக்கற புள்ளைங்க யாரும் நான் பண்ண அதே தப்புகளுக்கு மாசக்கணக்கா அலையக் கூடாது.

பெல்லட்டுன்னா இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு, லேப்ல எல்லாரும் ஒய்பிசிஓன்னுதான் சொல்லுவோம். சூப்பர்கண்டக்டிவிட்டிய, அதாவது ரொம்பக் குளிர வச்சா கரண்ட் தடையே இல்லாம ஓடறத, 1911-ல காமர்லிங் ஓனஸ் பாதரசத்துல பார்த்தப்ப அது 4.2 கெல்வின், அதாவது திரவ ஹீலியம் இல்லாம பக்கத்துலயே போக முடியாது. 1986-ல பெட்னார்ஸும் முல்லரும் ஜூரிச்ல ஒரு காப்பர் ஆக்சைடுல 30 கெல்வின் சுத்துல பார்த்தாங்க, மறு வருசமே நோபல் குடுத்துட்டாங்க, அதே 1987-ல வூ, பால் சூ டீம் இட்ரியம் போட்டு 90-க்கு மேல கொண்டு போயிட்டாங்க. திரவ நைட்ரஜன் கொதிக்கறது 77-ல. ஹீலியம் வாங்க வக்கில்லாத எங்கள மாதிரி லேபுக்கு இந்த 77-க்கும் 92-க்கும் நடுவுல இருக்கற பதினஞ்சு கெல்வின்தான் மொத்த வாழ்வாதாரமே.

ஊர்ல எல்லாரும் குவாண்டம் கம்ப்யூட்டர் செய்யறயான்னு கேக்கறாங்க. 2023 ஏப்ரல்ல தேசிய குவாண்டம் மிஷன்னு 6,003.65 கோடி ஒதுக்கினது பேப்பர்ல வந்ததுல இருந்து இந்தக் கேள்வி ஜாஸ்தி. நான் இருக்கறது மெட்டீரியல் பக்கம். குவாண்டம் கம்ப்யூட்டரோட அடிப்படைத் துண்டு க்யூபிட், அத செய்யற சூப்பர்கண்டக்டிங் சர்க்யூட்ல உயிர்நாடி ஜோசப்சன் ஜங்ஷன், ரெண்டு சூப்பர்கண்டக்டருக்கு நடுவுல மெலிசா ஒரு தடுப்பு, அவ்ளோதான். அதையெல்லாம் அலுமினியத்துல செஞ்சு மில்லிகெல்வின்ல கொண்டு போய் வைக்கறாங்க. அந்த ஃப்ரிட்ஜ் எங்ககிட்ட இல்ல. ஆனா எங்க கைடு சார் முதல் நாளே சொன்னாரு, ஒரு சூப்பர்கண்டக்டர பொடில இருந்து நீயே செஞ்சு நீயே அளந்து பாரு, அப்பறம் படிக்கற ஒவ்வொரு பேப்பரும் வேற மாதிரி தெரியும்னு. உண்மைதாங்க.

பொடி எடை போடறது சுலபமான பாகம். பத்து கிராம் ஒய்பிசிஓவுக்கு இட்ரியம் ஆக்சைடு 1.695, பேரியம் கார்பனேட் 5.924, காப்பர் ஆக்சைடு 3.582 கிராம். இட்ரியம் ஆக்சைடு காத்துல இருக்கற ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்து வச்சிருக்கும், அதனால முதல்ல அத நல்லா சுட்டு ஆற வச்சுட்டுத்தான் எடை போடணும், இல்லாட்டி எடைல பாதி தண்ணியத்தான் எடை போட்ட மாதிரி. பேரியம் கார்பனேட் எலி மருந்துக்குப் போடற சாமான், மாஸ்க், கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. அகேட் உரல்ல கொஞ்சம் அசிட்டோன் விட்டு ரெண்டு மணி நேரம் அரைக்கணும், வெள்ளையும் கருப்பும் கலந்து எங்கயும் புள்ளி தெரியாத ஒரே சாம்பக் கலர் வர்ற வரைக்கும். 900 டிகிரி செல்சியஸ்ல ஒரு ராத்திரி சுட்டு, எடுத்து அரைச்சு, மறுபடி சுட்டு, மறுபடி அரைச்சு, மூணு தடவை. கார்பனேட்ல இருக்கற கார்பன் டை ஆக்சைடு முழுசா போகணும், அதுக்குத்தான் இத்தனை பாடு.

இனி ஃபர்னஸ் கதை. எங்க ட்யூப் ஃபர்னஸ், அதான் குழாய் வடிவ கரண்ட் உலை, நான் சேர்றதுக்கு முன்னாடியே காயில் அறுந்து மூலைல கெடந்துச்சு. புதுசு வாங்க ஃபண்ட் வர வருசமாகும்னாங்க. கோயமுத்தூர் கணபதி ஏரியா பக்கம் ஹீட்டர் காயில் சுத்துற ஒரு பட்டறை அண்ணன்கிட்ட சீனியர் அக்கா கூட்டிட்டுப் போனாங்க. கணக்கு நான்தான் போட்டேன், 230 வோல்ட்டுக்கு பத்து ஆம்பியர் போதும், அப்ப 23 ஓம், கந்தால் ஏ1-ங்கற ஹீட்டர் கம்பி 18 கேஜ் எடுத்தா மீட்டருக்கு 1.24 ஓம், ஆக பதினெட்டரை மீட்டர். நான் மொதல்ல ஒரு மில்லி மீட்டர் கம்பிதான் எழுதிட்டுப் போனேன், அது பன்னெண்டரை மீட்டர்லயே முடிஞ்சிரும், காசு மிச்சம்னு. அண்ணன் பேப்பரப் பாத்துட்டு "இத்தன வாட்ட இவ்ளோ மெல்லிசுக் கம்பி தாங்காதுங்க அம்மணி, ஆறு மாசத்துல மறுபடி எங்கிட்டத்தான் வருவீங்க" அப்படின்னாரு. ஊட்டுக்கு வந்து கம்பியோட மேல்பரப்புக்கு எத்தன வாட்னு போட்டுப் பாத்தா, மெல்லிசுக் கம்பில சதுர சென்டிமீட்டருக்கு ஆறு வாட் கிட்ட வருது, 18 கேஜ்ல மூணு சில்லறை. அவரு கணக்கே போடாம கண்ணுலயே சொன்னது சரி. கம்பி ரெண்டு முனையையும் மடிச்சு முறுக்கி ரெட்டையா விட்டாரு, அப்பத்தான் டெர்மினல் பக்கம் சூடாகாது. இன்னொண்ணும் சொன்னாரு, ஒரு தடவ சூடு பண்ணிட்டா கந்தால் கம்பி அப்பளமாட்டம் ஆயிரும், அதுக்கப்பறம் அத நிமித்தறேன் வளைக்கறேன்னு தொடாதீங்கன்னு.

ஃபர்னஸ் ஓடுச்சு. பொடிய அச்சுல போட்டு ஹைட்ராலிக் ப்ரஸ்ல அழுத்தி பெல்லட் ஆக்கி அலுமினா போட்ல (படகு மாதிரி சின்னத் தட்டு) வச்சு சின்டரிங், அதாவது உருகாம பொடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டற மாதிரி சுடறது. சீனியர் நோட்டுல 950-ன்னு இருந்துச்சு, நான் கெட்டியா வரட்டும்னு 970 வச்சேன். மறுநா வெள்ளென போய் கொக்கிக் கம்பில போட்ட இழுத்தா பெல்லட் போட்டோட ஒட்டிக்கிச்சு. ஓரம் உருகி வழிஞ்சிருக்கு, மேல கருவேப்பில கலர்ல பச்சைப் புள்ளி. பச்சைன்னாலே அது 211 ஃபேஸ்னு சொல்ற வேற சேர்மம், இட்ரியம் ரெண்டு பேரியம் ஒண்ணு காப்பர் ஒண்ணு. ஒய்பிசிஓ 1010 டிகிரி தாண்டினா இந்தப் பச்சையாவும் திரவமாவும் பிரிஞ்சிரும். ஆனா டிஸ்ப்ளே 970-ஐத் தாண்டவே இல்ல, லாக்-ல பாத்தாச்சு.

பொடிலதான் தப்புன்னு நெனச்சு மூணு வாரம் புதுசா பொடி செஞ்சேன், மறுபடி அதே பச்சை. அப்பத்தான் ரூம்மேட் கிட்ட பொலம்பிட்டு இருந்தேன், அவ சேலம் செவ்வாப்பேட்டக்காரி, ஊட்டுல கொலுசுப் பட்டறை. அவ சாதாரணமா கேட்டா, "உங்க மெஷின் காட்டற டிகிரி சரின்னு யாரு சொன்னா? எங்கப்பா வெள்ளி உருகறத வச்சுத்தான் உலை சூட்டையே சொல்லுவாரு." அந்த ஒரு வார்த்தைல எனக்கு மண்டைல மணியடிச்ச மாதிரி ஆச்சு. சுத்த வெள்ளி உருகறது 961.8 டிகிரி, உலகம் பூராவும் தெர்மாமீட்டர சரி பாக்கவே இத வச்சிருக்காங்க. கொலுசு வெள்ளி ஆகாது, அதுல செம்பு கலந்திருக்கும், முன்னாடியே உருகிரும். அவங்கப்பா சுத்த வெள்ளித் தகடு ஒரு நகக்கண் அளவு கத்தரிச்சு பேப்பர்ல மடிச்சு அனுப்பினாரு. ஒண்ணு கவனிக்கணும், காத்துல உருக்கினா வெள்ளி ஆக்சிஜன உறிஞ்சிக்கும், அதனால பத்து டிகிரி முன்னாடி, 950 சுத்துலயே உருகும்.

தகட போட்ல நிக்க வச்சு, உள்ள சூட்ட அளக்கற தெர்மோகப்பிள் நுனிக்கு நேர் கீழ தள்ளிட்டு, ட்யூப் முனைல இருந்து பாத்துட்டே ரெண்டு ரெண்டு டிகிரியா ஏத்தினேன். உள்ள எல்லாமே ஒரே ஆரஞ்சு, தகடோட விளிம்பு மட்டும் கோடா தெரியும். 890, ஒண்ணுமில்ல. 900, ஒண்ணுமில்ல. டிஸ்ப்ளே 905 காட்டறப்ப அந்தக் கோடு மெதுவா தலை சாஞ்சு, சுருண்டு, உருண்டு ஒரு மணியா ஆயிருச்சு, கண்ணாடி மாதிரி மின்னுது. நான் மூச்சு விடாம பாத்துட்டு நின்னேன். 905-ன்னு காட்டுது, உள்ள 950 இருக்கு. 45 டிகிரி பொய். அப்ப நான் 970 வச்சது நெசத்துல 1015.

எங்க பொய்ன்னு தேட அரை மணி நேரம்கூட ஆகல. தெர்மோகப்பிள் தலைல இருந்து கன்ட்ரோலருக்கு யாரோ எப்பவோ சாதாரண செம்பு வயர் போட்டிருக்காங்க. கே டைப் தெர்மோகப்பிள் காட்டறது நுனிக்கும் மறு முனைக்கும் நடுவுல இருக்கற சூட்டு வித்தியாசத்த மட்டும்தான், டிகிரிக்கு 41 மைக்ரோ வோல்ட் சுத்துல. மறுமுனை கன்ட்ரோலர்கிட்ட இருக்கு, அங்க 32 டிகிரின்னு கன்ட்ரோலர் கூட்டிக்கும். ஆனா செம்பு வயர் போட்டா மறுமுனை ஃபர்னஸ் தலைலயே முடிஞ்சிருது, நான் அங்க தொட்டுப் பாத்தா கை வைக்க முடியல, அளந்தா 77 டிகிரி. 77-ல 32 போனா 45. வெள்ளி சொன்ன அதே 45. அந்தக் கணக்கு நோட்டுல பொருந்தினப்ப இருந்த சந்தோசத்த எப்படிச் சொல்றதுன்னே தெரியல, பெல்லட் ரெண்டு போனதுகூட மறந்து போச்சு. கே டைப்புக்குன்னே விக்கற காம்பன்சேட்டிங் கேபிள் மூணு மீட்டர் வாங்கி ப்ளஸ் மைனஸ் மாத்தாம போட்டேன், மறுபடி இன்னொரு வெள்ளித் துண்ட வச்சுப் பாத்தேன், 951-ல உருகுச்சு. புது ஃபர்னஸோ பழசோ, மொதல் சாம்பிள் வைக்கறதுக்கு முன்னாடி வெள்ளி வச்சுப் பாருங்க. ஒரு மத்தியானச் சோலிதான்.

மூணாவது பெல்லட் 950-ல பன்னெண்டு மணி நேரம், அருமையா கருப்பா, தட்டினா ஓட்டுச் சத்தம் வந்துச்சு. ஆனா அன்னைக்கு வேற ஸ்காலர் ஃபர்னஸ் புக் பண்ணியிருந்ததால 850-லயே போட்ட வெளிய இழுத்துட்டேன். நைட்ரஜன்ல விட்டு அளந்தா ரெசிஸ்டன்ஸ் கொறையறதுக்குப் பதிலா ஏறிட்டே போகுது, 77-ல இன்னும் ஜாஸ்தி. அன்னிக்குப் பொழுதோட ரூமுக்கு வந்து சாப்பிடாமயே படுத்துட்டேன்.

காரணம் ஆக்சிஜன்ங்க. ஒய்பிசிஓல ஆக்சிஜன் எண்ணிக்கை 6-ல இருந்து 7 வரைக்கும் எங்க வேணாலும் நிக்கும். 900-க்கு மேல சூட்டுல காத்துல அது 6 பக்கம்தான் இருக்கும், அந்த நெலமைல அது இன்சுலேட்டர் ஜாதி. மெதுவா ஆறும்போதுதான் காத்துல இருந்து ஆக்சிஜன உள்ள இழுத்து, காப்பர் ஆக்சிஜன் சங்கிலி வரிசையா அமைஞ்சு, 6.9 தாண்டறப்பதான் 92 கெல்வின் வரும். நான் 850-ல வெளிய இழுத்து டக்குனு ஆற வச்சதுனால அதுக்கு மூச்சு விடவே நேரம் குடுக்கல. சுடறது பாதி சோலிதான், ஆற வைக்கறதுதான் பெல்லட்ட சூப்பர்கண்டக்டர் ஆக்குது. இது புக்ல ஒரு வரியா இருக்கு, நானும் பரிட்சைல எழுதியிருக்கேன்.

அதனால அதே பெல்லட்ட எடை போட்டேன், 1.912 கிராம். ஆக்சிஜன் சிலிண்டர்ல இருந்து ட்யூபுக்குள்ள மெதுவா விட்டு, வெளிய போற பக்கம் தண்ணி பாட்டில்ல வினாடிக்கு ஒரு குமிழி, 450-ல இருபது மணி நேரம், அப்பறம் நிமிசத்துக்கு ஒரு டிகிரின்னு எறக்கம். ரெகுலேட்டர்ல எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது, ஆக்சிஜன் பிரஷர்ல அது பத்திக்கும், இத வெளையாட்டா எடுத்துக்காதீங்க. மறுநா எடை 1.943. முப்பத்தோரு மில்லி கிராம் கூடியிருக்கு. கணக்குப் போட்டா ஒரு ஒய்பிசிஓ யூனிட்டுக்கு 0.66 ஆக்சிஜன் உள்ள போயிருக்கு. தராசுலயே ஆக்சிஜன் ஏறினத பார்த்தாச்சு, வேற எந்த மெஷினும் தேவப்படல.

நைட்ரஜன் பத்தி. எங்க ஊரு காங்கேயம் பக்கம், மாமா கால்நடை ஆய்வாளரா இருந்து ரிட்டையர் ஆனவரு. சின்ன வயசுல இருந்தே அவரு மாட்டுக்கு சினை ஊசி போடப் போறப்ப வண்டில கட்டியிருக்கற கேன்ல இருந்து பொகை வர்றத பாத்திருக்கேன், அது உறைவிந்து வைக்கற திரவ நைட்ரஜன், இப்ப நான் பெல்லட்ட முக்கற அதே சாமான். லேபுக்கு கேஸ் டீலர்கிட்ட வாங்கறோம், ஆனா அத கையாளறது எனக்கு மாமாதான் சொல்லிக் குடுத்தாரு. கேன்ல எவ்ளோ இருக்குன்னு பாக்க ஒரு மரக்குச்சிய அடி வரைக்கும் விட்டு, கொஞ்ச நேரம் வச்சுட்டு வெளிய எடுத்து காத்துல ஆட்டினா எது வரைக்கும் பனி வெள்ளையா பூக்குதோ அதான் மட்டம். "ட்யூப் கீப்ப விடாத கண்ணு, உள்ளாற பொங்கி மூஞ்சில அடிக்கும். மூடிய இறுக்கிப் போடாத, பொகை போக வழி விடு. ரூம்புல ஜன்னல தொறந்து வையி, கார்ல கண்ணாடிய ஏத்திட்டு கொண்டு போகவே போகாத" அப்படின்னாரு. சரிங்க மாமான்னு நான் எல்லாத்தையும் நோட்டுல எழுதி லேப் கதவுல ஒட்டிட்டேன்.

அளவெடுப்பு. பெல்லட்ல இருந்து பத்து மில்லி நீளம், ரெண்டுக்கு ரெண்டு கனத்துல ஒரு பட்டை அறுத்து, சில்வர் பேஸ்ட்ல நாலு வயர். வெளி ரெண்டுல கரண்ட், உள் ரெண்டுல வோல்டேஜ், ரெண்டே வயர்ல அளந்தா வயரோட ரெசிஸ்டன்ஸ்லயே பெல்லட் மறைஞ்சிரும். ரூம் சூட்டுல 14 மில்லி ஓம். பத்து மில்லி ஆம்பியர் விட்டா வர்றது 140 மைக்ரோ வோல்ட், அதுல அஞ்சாறு மைக்ரோ வோல்ட் வயர் ஜாயிண்ட்ல சூட்டு வித்தியாசத்துனால சும்மா வர்ற வோல்டேஜ். அதனால ஒவ்வொரு புள்ளிக்கும் கரண்ட ஒரு தடவ இந்தப் பக்கம் ஒரு தடவ அந்தப் பக்கம் திருப்பி விட்டு, வித்தியாசத்துல பாதிய எடுக்கணும். இத பண்ணலைன்னா சைபர் வரவே வராது, அஞ்சு மைக்ரோ வோல்ட்ல தொங்கிட்டே இருக்கும், சூப்பர்கண்டக்டர் ஆகலன்னு நெனச்சுக்குவீங்க. குளிர அளக்கற பிடி100 சென்சர பட்டைக்குப் பக்கத்துலயே அதே செம்புக் கட்டைல ஒட்டணும். மொதல்ல நான் கட்டையோட அக்கட்ட ஒட்டிட்டேன், எறங்கறப்ப 86, ஏறறப்ப 97-ன்னு ரெண்டு கோடா வந்துச்சு. பக்கத்துல மாத்தி, நிமிசத்துக்கு ஒரு கெல்வினுக்கு மேல போகாம நைட்ரஜன் ஆவில தொங்க விட்டதும் ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிருச்சு.

நேர்கோடா 14-ல இருந்து 5 மில்லி ஓம் வரைக்கும் எறங்கி வந்துச்சு. 92-ல வளைஞ்சுது. 91, 90, 89. 88-ல மீட்டர்ல சைபர், கரண்ட திருப்பினாலும் சைபர். சீனியர் அக்கா கைய கெட்டியா புடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேரும் பேசல.

அப்பறம் ஒண்ணு பண்ணினோம், எனக்கு அதுதான் ரொம்ப முக்கியம். 77-ல வச்சுட்டு கரண்ட கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி வோல்டேஜ் தலை காட்டறதுக்கு ஒரு நூல் முன்னாடி நிறுத்திட்டு, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டற சின்ன காந்தத்த பட்டைக்கு ரொம்பக் கிட்ட கொண்டு வந்தேன். உடனே வோல்டேஜ் எந்திரிச்சுது. தள்ளினா சைபர், கிட்ட வந்தா எந்திரிக்குது. பெல்லட்ங்கறது லட்சக்கணக்கான குருணை ஒட்டிக்கிட்டது, ஒவ்வொரு குருணைக்கும் நடுவுல இருக்கற எல்லை ஒரு பலவீனமான இணைப்பு, அதாவது ஒரு ஜோசப்சன் ஜங்ஷன். சின்ன காந்தப் புலத்துக்கே அது தளர்ந்து போயிரும். ஜோசப்சன் 1962-ல ஸ்டூடண்டா இருந்தப்ப கணக்குல சொன்னது, கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் 1984, 85-ல ஒரே ஒரு ஜங்ஷன வச்சு மொத்த சர்க்யூட்டே குவாண்டமா நடந்துக்கும்னு காட்டி 2025-ல நோபல் வாங்கினது, அதே ஜங்ஷன் தாறுமாறா லட்சக்கணக்குல என் உரல்ல அரைச்ச பொடில ஒக்காந்திருக்கு. இதுல இருந்து க்யூபிட் செய்ய முடியாது, ஒழுங்கில்லாத கூட்டம் அது. ஆனா அது என்ன பொருள்னு இப்ப எனக்கு கைல தெரியும்.

ஞாயித்துக்கெழம மாமா லேபுக்கு வந்தாரு. பட்டை அறுத்தது போக பாக்கி இருந்த பெல்லட்ட தெர்மாக்கோல் கிண்ணத்துல வச்சு நைட்ரஜன் ஊத்தி, கொதிப்பு அடங்கினதும் நியோடிமியம் காந்தத்த மேல விட்டேன், ரெண்டு மில்லி ஒசரத்துல நின்னுச்சு. மாமா ஒரு துண்டுப் பேப்பர நடுவுல விட்டு இழுத்துப் பாத்தாரு. விரல் நுனில சுண்டினதும் காந்தம் அங்கயே சுத்த ஆரம்பிச்சுது. "நைட்ரஜன் தீந்தா உழுந்துருமா கண்ணு?" ன்னாரு. 92 தாண்டினா உழுந்துரும் மாமான்னேன். அவரே கரண்டிய எடுத்து இன்னும் கொஞ்சம் ஊத்தினாரு.

பெல்லட்டு ஈரத்துல கெட்டுப் போகும், பேரியம் மெதுவா வெளிய வந்து வெள்ளையா பூத்துரும். நைட்ரஜன்ல இருந்து எடுத்ததும் மேல பனி படியும், அத ஹேர் ட்ரையர்ல காய வச்சு சிலிக்கா ஜெல் போட்ட டப்பால மூடி வச்சிருக்கேன். அடுத்து அதே பொடில மூணு பெல்லட் அழுத்தி, ஆக்சிஜன்ல 400, 450, 500-ன்னு ஒவ்வொண்ணா ஆற வச்சு, எடையையும் சரியற கெல்வினையும் ஒரே தாள்ல வரையப் போறேன். வியாழக்கெழம ஃபர்னஸ் புக் பண்ணியாச்சு, இந்தத் தடவ மூணு நாளைக்கு.